ஜே 67.2

ஹெர்னே நகர மருத்துவமனையில் என் அறைக்கு
நோயாளிகள் வருவதில்லை.
தாள்தான் வரும். தாளைத் தின்று
எண்ணைக் கக்குவது என் வேலை.

அவர் பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.
பெண். வயது அறுபத்தெட்டு.
மூன்று படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.
பின்னேரமானால் காய்ச்சல், விடிந்தால் இல்லை.
ஸ்கேனில் இரண்டு பக்கமும் மங்கல்.
பால்கண்ணாடி என்கிறார்கள் இங்கே,
குளியலறை ஜன்னலுக்குப் போடுவார்களே, அது.
இரத்தத்தில் புறாமேல் பகை, அளவுக்கு மீறி.

எழுதினேன்: ஜே 67.2,
பறவை வளர்ப்போர் நுரையீரல்.
உழவருக்கு 67.0, கரும்புச் சக்கைக்கு 67.1,
காளான் எடுப்போருக்கு 67.5.
அவரவர் பிழைப்பு அவரவர் நெஞ்சில்.

ஆறு வாரம் கழித்துக் காப்பீட்டுப் பரிசோதகரின் கடிதம்:
"நோயாளி பறவை வளர்ப்பதில்லை
என்று உங்கள் கோப்பே சொல்கிறது.
இந்த எண் எப்படிப் பொருந்தும்?"

சரிதான். வளர்த்தவர் கணவர்.
சுரங்கம் மூடிய பிறகும் அவர் விடாத
பந்தயப் புறாக்கள், நாற்பத்தைந்து.
இவருக்குப் புறாவே பிடிக்காது.
கூண்டுப் பக்கம் கால் வைத்ததில்லையாம்.

கோப்பை மறுபடி புரட்டினேன்.
இருபத்துமூன்றாம் பக்கம், இரவுத் தாதி,
சாய்ந்த கையெழுத்து:
"கணவரின் சாம்பல்நிற வேலை அங்கியை
சனிக்கிழமை தவறாமல் இவரே
நிலவறையில் உதறித் துவைத்திருக்கிறார்.
முப்பத்தோரு வருடம்.
கணவர் வார்டுக்குள் வர மறுக்கிறார்.
கார் நிறுத்துமிடத்தில் நின்று
தப்பான ஜன்னலைப் பார்க்கிறார்."

உதறுதல்.
தமிழில் அந்தச் சொல்லுக்கு
விட்டுவிடுதல் என்றும் பொருள்.
ஜெர்மனில் நான் தேடி எடுத்த வினைச்சொல்லில்
தூசி மட்டும்தான் போனது.

பதில் எழுதினேன்:
வளர்க்க வேண்டியதில்லை ஐயா,
யார் வீட்டுக் கூண்டு என்று கேட்டுக்கொண்டா
இறகுத்தூள் உள்ளே போகிறது?
ஐயாவை அழித்தேன். கேள்வியையும் அழித்தேன்.
பக்க எண் போட்டேன்,
ஆய்வக முடிவை இணைத்தேன்.

ஏற்றுக்கொண்டார்கள்.
வித்தியாசம் எண்ணூற்றுப் பன்னிரண்டு யூரோ,
மருத்துவமனைக் கணக்கில்.

தாதியின் குறிப்பில் இன்னும் ஒரு வரி இருந்தது.
பதிலில் நான் சேர்க்கவில்லை,
யாரும் கேட்கவில்லை.

அங்கியை இனி வீட்டுக்குள் எடுக்கவே கூடாது
என்று டாக்டர் சொன்னபோது அவர்,
"அப்போ அதை யார் துவைக்கிறது?"