எட்டுக் கோப்பைகள்

இரவுப் பணி முடிந்து
சீருடையோடே
சமையலறைத் தரையில் உட்கார்கிறேன்.
யீஷூன், பதினோராம் மாடி.
கீழே முதல் ரயில் போகிறது.

ஒரே ஒரு சீட்டு.
நாளைக்கு என்ன நடக்கும் என்று
இதனிடம் கேட்பதில்லை;
அதற்கு வார்டின் பணி அட்டவணை இருக்கிறது.

எட்டுக் கோப்பைகளை அடுக்கிவிட்டு
முதுகு காட்டிப் போகிறான் ஒருவன்,
நிலவு பார்த்திருக்க.
போன வாரமும் இவன்தான் வந்தான்.
கோழை என்று
கட்டுக்குள் செருகிவிட்டேன்.

இன்று கோப்பைகளை எண்ணினேன்.
மேல்வரிசையில் ஓர் இடைவெளி,
யாரோ ஒன்றை வைக்க மறந்ததுபோல.

மூன்று மாதமாய்
அனுப்பத் தயங்கும் விலகல் கடிதத்தைக்
கைப்பேசியில் திறந்தேன்.
‘மதிப்பிற்குரிய’ என்பதற்குப் பின்
ஒரு சொல்லும் இல்லை.

சீட்டை
அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.
அவன் இன்னும்
திரும்பிப் பார்க்கவில்லை.