ஒற்றைக் கையால் மூடுவது

ஹட்டனில், பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் கிளினிக்.
விடிந்தால் பாண் வாசம் படியேறி வரும்.
எட்டரைக்குப் பிறகு
கிராம்பு எண்ணெய் அதை விரட்டிவிடும்.

அன்று இருபத்தாறாவது ஆள் பூமாரி.
கீழ்க் கடைவாய்ப்பல், வலப்பக்கம்.
விறைப்பூசி போட்டாயிற்று.
ஊசியை அதன் மூடிக்குள் நுழைக்கப் போனேன்,
இரண்டு கையும் சேர்த்து,
பேனாவை மூடுகிற மாதிரி,
ஒன்பது வருஷமாய் மூடிய மாதிரி.
கீழே தெருவில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.
அவ்வளவுதான்.

கையுறைக்குள், இடது பெருவிரலில்
ஒரு சிவப்புப் பொட்டு.

பிழியாதே, என்றார் டொக்டர் நஸீஹா.
குழாயைத் திற. சவர்க்காரம் போடு. ஓடவிடு.
மலைத்தண்ணீர் எலும்பு வரைக்கும் போனது.
பாதி மரத்த வாயால் பூமாரி கேட்டாள்:
"குத்திருச்சா தங்கச்சி?
எங்களுக்கு முள்ளு, ஒங்களுக்கு ஊசி."

முள்ளுக்கு
முந்தின ஆளை ஞாபகம் இருக்காது.
ஊசிக்கு இருக்கும்.

உங்கள் ரத்தமும் வேண்டும் என்று கேட்க
எனக்கு நாக்கு எழவில்லை.
டொக்டர்தான் கேட்டார், விருப்பமிருந்தால் மட்டும் என்று.
மறுநாள் டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு வந்தாள்
அரைப் பேரை இழந்துவிட்டு.
என்ன வருத்தம் என்று கங்காணி கேட்டானாம்.
எனக்கில்ல, பல்லு மிஸ்ஸுக்கு என்றாளாம்.
பொழுது சாய்வதற்குள்
தோட்டம் முழுக்க எனக்கு வருத்தம்.

அவள் தாள் சுத்தம். என்னுடையதும்.
ஆனாலும் ஆறாம் கிழமை வா,
மூன்றாம் மாதம் வா, ஆறாம் மாதம் வா என்று
எழுதிக் கொடுத்தார்கள்.
ஈரல் அழற்சித் தடுப்பூசி மூன்றில்
இரண்டோடு நின்றிருந்தேன்.
மூன்றாவதன் அன்று மண்சரிவு, பஸ் இல்லை.
அடுத்த நாளும் பஸ் இல்லையா என்று
அட்டையைப் பார்த்த நர்ஸ் கேட்டாள்.
அடுத்த நாள் பஸ் இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த அறையைப் பார்த்தேன்.

அலுமாரிக்கடியில் ரசத்துளி ஒன்று,
வெள்ளிப் பூச்சைக் கையால் குழைத்த காலத்தது,
சேம்பிலைத் தண்ணியாய் உருண்டு கிடந்தது.
விளக்குமாற்றோடு குனிந்தவளை டொக்டர் தடுத்தார்:
கூட்டினால் நூறாகும்.
இரண்டு கல்யாணக் கார்டுகளால் அள்ளி
இறுக்கமாய் மூடும் போத்தலில் அடைத்தோம்.

வலப்பக்கம் நின்று கூப்பிட்டால்
அவர் திரும்புவதில்லை.
இருபது வருஷத்து ட்ரில் சத்தம் அங்கே குடியிருக்கிறது.
காது அடைப்பான் வாங்கினார். ஒரு நாள் போட்டார்.
இப்போது அது லாச்சியில்,
ஸ்டாம்ப் பசைக்குப் பக்கத்தில்.

ஜன்னல்தான் பெரிய சண்டை.
மார்கழியில் ஒரு நாள் வெயில்
பத்து நிமிஷம் கோடாய் விழுந்தது.
அந்தக் கோட்டில் பார்த்தேன்:
ட்ரில் கிளப்பிய தூற்றல்,
யார் யாரோ வாயின் ஈரம்,
விளக்கு வரை ஏறி
என் இமை வரை இறங்கி.
அன்றே முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு.
அன்றே ஜன்னல் இரண்டும் திறப்பு.
பனிமூட்டம் உள்ளே வந்து வரிசையில் உட்கார்ந்தது.
ஆட்கள் திட்டினார்கள்.
ஜம்பரைக் கழற்றவேண்டாம் என்று
போர்டு எழுதி மாட்டினேன்.

மஞ்சள் பெட்டி இப்போது கைக்கெட்டும் தூரத்தில்.
மூடி தட்டில் படுத்திருக்கும்,
ஊசிதான் போய் அதைக் கோத்துக்கொள்ள வேண்டும்,
வலது கை மட்டும்.
இடது கை முதுகுக்குப் பின்னால்,
வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளையாய்.
முதல் வாரம் முழுக்க மூடி ஓடியது,
நான் துரத்தினேன்.

நேற்று பூமாரி வந்தாள், இடப்பக்கப் பல்லோடு.
ஆறாம் மாதத் தாள் நாளைக்குத்தான்.
"ஜன்னலச் சாத்துங்க மிஸ், நடுங்குது."
சாத்தமாட்டேன்.
நாற்காலியில் சாய்ந்தபடி
என் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.
"அந்தக் கைக்கு என்னாச்சு?"
ஒண்ணுமில்ல, என்றேன்.
அதுக்கு லீவு.