பன்னிரண்டாம் எண்

திரியெஸ்தே நகரில் குளிர்காலக் காற்றுக்குப் பெயர் உண்டு.
போரா.
மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போகும் அவசரத்தில்
எங்கள் மைதானத்தைக் குறுக்கே கடக்கும்.
அன்றைக்கு ஊர்க்காரர்கள்
தெருவோரம் கட்டிய கயிற்றைப் பிடித்து நடப்பார்கள்.
நாங்கள் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொள்வோம்.

நாங்கள் என்பது பொய்.
பிடித்துக்கொண்டவன் சில்வானோ கெர்சினிச்.
நான் முழங்காலில் கம்பளி போர்த்தி
பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்,
முதுகில் பன்னிரண்டு,
ஒன்பது பருவங்கள்.

சம்பளம் வாங்கினேன், மறுப்பதற்கில்லை.
இருபத்தேழாம் தேதி தோறும் காசாளர் அம்மாள்
விரலை எச்சிலில் நனைத்து எண்ணித் தருவார்.
உட்கார்ந்திருக்க இவ்வளவா என்று
ஒருநாளும் கேட்டதில்லை.
புருவம் மட்டும் கேட்கும்.

என் வேலை
ஆட்டத்துக்கு முன் அவன் கைகளைச் சூடாக்குவது.
இடது மூலைக்கு இருபது, வலதுக்கு இருபது,
தலைக்கு மேலே பத்து.
கடைசிப் பந்து மட்டும் மெதுவாக, நெஞ்சுக்கு நேராக.
பந்து கைக்குள் அடங்கிய ஞாபகத்தோடுதான்
ஒரு கோல்கீப்பர் மைதானத்துக்குள் போக வேண்டும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அவன் விரல்களை எனக்குத் தெரிந்த அளவு
அவன் மனைவி ஃபியோரெல்லாவுக்குத் தெரியாது.
வலது சுண்டுவிரல், ஒரு ஃப்ரீ கிக்கில்.
மோதிர விரல் இரண்டு முறை:
முதலில் கம்பம், பிறகு கார்க் கதவு.
மோதிரம் கணுவைத் தாண்டாமல்
சங்கிலியில் கழுத்துக்குப் போய்விட்டது.
பிளாஸ்டர் சுற்றியது நான்.
அவனுக்கு அடிபடட்டும் என்று வேண்டியிருக்கிறேனா?
வேண்டியிருக்கிறேன்.
பெரிதாக இல்லை. ஒரு சுளுக்கு. மூன்று வாரம்.
வேண்டிய கையோடு
பிளாஸ்டரும் சுற்றினேன்.

எண்பத்தாறு பிப்ரவரி.
சமவெளியிலிருந்து வந்த ஏதோ ஓர் அணி.
சில்வானோ கோல் கிக் அடித்தான்.
பந்து நடுக்கோட்டுக்கு முன்னாலேயே நின்றது,
அந்தரத்தில்,
எதையோ மறந்து வந்தவர் போல.
திரும்பியது.
அவன் தலையைத் தாண்டி
அவன் வலைக்குள்ளேயே விழுந்தது.

கோல் இல்லை. சட்டம் அப்படி.
நேராகத் தன் வலைக்கே திரும்பினால் அது கார்னர் மட்டும்.
எனக்குத் தெரியும்;
பெஞ்சில் வேறென்ன வேலை,
விதிப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன்.
நடுவருக்குத் தெரியும். எதிரணிக்கும் தெரிந்துவிட்டது,
ஓடிப்போய்ப் பந்தை மூலையில் வைத்தார்கள்.
சில்வானோவுக்குத் தெரியவில்லை.
கோல் விழுந்ததென்று
கையில் முகம் புதைத்து மண்டியிட்டிருந்தான்.

"எழுந்திரு" என்று கத்தினேன்.
காற்று எதிர்ப்பக்கம் அடித்தது.

காற்றின் மேல் பழி போடுவது சுலபம்.
கத்தினேன், சரி.
எப்போது கத்தினேன்?
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்
நான் எதற்காகவோ காத்திருந்தேன்.
அதற்குள் கார்னர் வளைந்து வந்து
யார் தலையிலோ பட்டு உள்ளே போனது.

அடுத்த ஞாயிறு பயிற்சியாளர்
ஒன்றாம் எண் சட்டையை என் மடியில் எறிந்தார்.
நான்கு ஆட்டம், ஏழு கோல்,
அதில் ஒன்று கால்களுக்கு இடையில்.
என் தொழில் வாழ்க்கை அவ்வளவுதான்,
ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

ஆனால் அந்த முதல் ஞாயிறு
என் கைகளைச் சூடாக்க வந்தவன் சில்வானோ.
இடதுக்கு இருபது, வலதுக்கு இருபது,
மேலே பத்து.
கடைசிப் பந்து
மெதுவாக, நெஞ்சுக்கு நேராக வந்தது.

இப்போது இருவருக்கும் முட்டி வலி.
சனிக்கிழமைகளில் துறைமுகத்தருகே காப்பி,
இந்த ஊர் வழக்கப்படி சின்னக் கண்ணாடிக் குவளையில்.
அவன் விரல்கள் முழுதாக மடங்குவதில்லை.
இரண்டு கையாலும் ஏந்துகிறான்.

போன மாதம் கேட்டான்,
பதினெட்டு வருடம் கழித்து, கடலைப் பார்த்துக்கொண்டு:
"அன்றைக்குக் கத்தினாயா?"

"போரா" என்றேன்.

"ஆமாம், போரா" என்று
குவளையைக் கீழே வைத்தான், சிந்தாமல்.
கதவு திறந்து மூடியது.
மேசைமேல் பறக்கப் பார்த்த ரசீதை
என்னைவிட முன்னால் அவன்தான் பிடித்தான்.