பதினேழாம் படம்

முப்பது படம். முப்பத்தைந்து நிமிடம்.
ஆஸ்பத்திரி வீதிப் பக்க யன்னல்களை அடைத்து
கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார்கள்.
வெளியே மினிபஸ்காரன் மானிப்பாயையும் சண்டிலிப்பாயையும்
ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தான்.

நோய் இருந்தால் என்னவென்று எழுது.
இல்லையென்றால் இல்லை என்று எழுது.
இரண்டாவதற்குத்தான் கை நடுங்கும்.
பக்கத்து மேசை ஜெனிற்றா
நாலாம் படத்தில், ஒன்றுமேயில்லாத ஒரு முழங்காலில்,
ஆறு நிமிடம் தொலைத்தாள்.

பதினேழு வந்தது.
ஆண், வயது ஐம்பத்தொன்று, இருமல்.
இடது தோளடியில், கச்சான் கொட்டையளவு,
எலும்பையும் மிஞ்சிய வெள்ளை.
எங்கள் ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.
சின்ன மாமாவின் இடுப்பில் மூன்று,
சைக்கிள் பார்க்காரரின் கன்னத்தில் ஒன்று,
சவரம் செய்கையில் தட்டுப்படுமாம்.
பழைய உலோகத் துண்டு, வேறொன்றுமில்லை
என்று எழுதினேன்.
இருபது விநாடி மிச்சம் பிடித்த சந்தோசம்.
அடுத்த படம்.

மூன்று மணிக்கு விடை ஒட்டினார்கள்.
வலப்பக்கம். காறை எலும்புக்குப் பின்னால்,
முதலாம் விலா குறுக்கிடும் இடத்தில்
மங்கலாய், ஓரம் பிசிர்ந்து, இரண்டு சென்ரிமீற்றர்.
உலோகத்துக்குப் புள்ளியே இல்லை.

ஒன்றைக் கண்டால் கண்ணுக்கு வயிறு நிறைந்துவிடும்,
பிறகு அது தேடாது.
பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது.
நான் அதை மஞ்சள் பூசிப்
பாடமாக்கியிருந்தேன்.

அன்றிரவு எனக்குத்தான் கடமை.
குருநகரிலிருந்து ஒருவர், மூச்சு இழுக்க நோகுதாம்.
சட்டையைக் கழற்றும்போதே சொன்னார்:
"ஷெல் துண்டொண்டு கிடக்கு டொக்டர்,
அதைப் பாத்து வெருண்டிடாதேங்கோ."

படம் திரைக்கு வந்ததும்
அந்த வெள்ளையைப் பெருவிரலால் மறைத்தேன்.
சுவாசப்பை நுனி. காறை எலும்பு.
இதயத்தின் பின்புறம்.
பிரிமென்றகட்டின் கீழ், இரண்டு பக்கமும்.
விலாக்களை ஒவ்வொன்றாய், எண்ணி.

கதவடியில் நின்று கேட்டார்,
"என்னவும் தெரியுதோ?"
"கொஞ்சம் பொறுங்கோ.
இன்னும் வடிவாப் பாக்கேல்லை."

விரலை எடுத்தபோது
துண்டின் அருகே புதிதாய் ஒரு மங்கல்.
நெஞ்சு திக்கென்றது.
முந்தானையால் துடைத்தேன், போய்விட்டது,
என் விரலின் எண்ணெய்.

திரும்பவும் நுனியிலிருந்து.