பதினாறாவது போல்ட்

பெட்டி பதினொரு கிலோ.
இரண்டாம் மாடிக்கு ஏற மறுத்த தபால்காரர்
கராஜ் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போனார்.
லியெபாயாவில் மார்ச் மாதம்.
கடற்காற்று
கதவிடுக்கில் சீட்டியடித்துக்கொண்டிருந்தது.

மூன்று மாத ஓவர்டைம்,
ஊராருக்குப் பல் செய்து கொடுத்த காசு.
"மரம் செதுக்கும் எந்திரமா?" என்றாள்
லேபில் பக்கத்து மேஜை ஸ்கைத்ரீத்தே.
"உனக்கு மறை கழன்றுவிட்டது."
மறையெல்லாம் ஆறாம் எண் பையில்
பத்திரமாக இருக்கிறது, ஸ்கைத்ரீத்தே,
வாஷரோடு சேர்த்து.

பைகள் பதினெட்டு.
கையேடு, எந்த மொழியிலிருந்தோ
எந்த மொழிக்கோ போகும் வழியில்
எங்கள் மொழியில் சற்று இளைப்பாறியிருந்தது:
"நான்கு கால்களையும் சந்தோஷமாக இறுக்கவும்."
இறுக்கினேன்.
சந்தோஷம் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று போடவில்லை.

மூலைமட்டம் வைத்தால் சரி.
குறுக்கே அளந்தால்
ஒரு மூலைவிட்டம் மூன்று மில்லிமீட்டர் நீளம்.
கழற்றி, மறுபடி.
ஒன்றரை.
மறுபடி.
பல் ஒரு மயிரிழை தூக்கினாலும்
ஆள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்,
அந்தப் பழக்கம்.
கடைசியில் இரண்டும் ஒன்றானபோதும்
சட்டம் நொண்டியது.
நடு இரவில்தான் உறைத்தது,
கோணல் மேஜையில்.
இல்மார்ஸ் பழைய கதவைப் போட்டுச் செய்த மேஜை.
இஸ்பேட் ராணியை நான்காக மடித்து
ஒரு காலுக்கடியில் செருகினேன்.

பதினான்காம் பையில்
போல்ட் பதினாறு என்று அச்சு.
எண்ணினால் பதினைந்து.
கவிழ்த்துக் கொட்டி, கையுறைக்குள் விரல் விட்டு,
பெருக்கிய குப்பையைக் காந்தத்தால் துழாவி,
பதினைந்தேதான்.
ஞாயிறு. கடை பூட்டியிருக்கும்.

சுவரில் தொங்குகிறது இல்மார்ஸின் சைக்கிள்.
அயர்லாந்துக்குப் போய் நான்காவது வருஷம்,
காளான் பண்ணையில்.
கோடையில் வருகிறேன் என்பான்.
எந்தக் கோடை என்று நானும் கேட்பதில்லை.
தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பிக்கு இரண்டு போல்ட்.
ஐந்து மில்லிமீட்டர், அதே மறை.
கதவைப் பார்த்துக்கொண்டே
ஒன்றைக் கழற்றினேன்.
கதவை ஏன் பார்த்தேன்?

மின்சாரம் கொடுத்த அன்று மோட்ரிஸ் வந்தார்,
துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன்,
பேச்சுக்கும் ஃப்யூஸ் போட்டு வைத்திருப்பவர்.
பாலத்தின் இருபுறமும் ஒவ்வொரு மோட்டார்.
பொத்தானை அழுத்தியதும்
இடது முன்னே போக
வலது பின்னே போக
நடுவில் பாலம் முறுகி முனகியது.
சுவிட்சை அணைத்தது யார் கை என்று தெரியாது.

"ரெண்டும் நல்ல மோட்டார்தான்" என்றார்.
"எதிரெதிராகப் பார்த்து நிற்கின்றன.
ஒரே கட்டளை போனால்
ஆளுக்கொரு பக்கம்தான் இழுக்கும்."
ஒரு பக்கத்துக் கம்பிகள் இரண்டை
இடம் மாற்றிச் செருகினார்.
அவ்வளவுதான்.
நான் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அடுப்பில் காபி பொங்கி வழிந்தது.

முதல் ஓட்டத்துக்குக் கத்தி வேண்டாமென்று
பேனாவைக் கட்டினோம்.
வட்டம் கேட்டேன்,
முட்டை போட்டது.
"ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே"
என்றார் மோட்ரிஸ், சிரிக்காமல்.
பெல்ட்டில் தொய்வு. இறுக்கினோம்,
கையேடு சொன்ன மாதிரியே.

ஒன்பது மணிக்கு போன்.
"அங்கே என்ன சத்தம்?"
வட்டம் போடுகிறது என்றேன்.
"யார்?"
கோடு சுற்றிக்கொண்டு
தொடங்கிய புள்ளிக்கே வந்து
நூல் பிசகாமல் ஒட்டியது.
சுவரில், ஒற்றை போல்ட்டில்
தலைகீழாகத் தொங்கிய பாட்டில் கம்பி
மோட்டார் உறுமிய வரைக்கும் ஆடிவிட்டு நின்றது.
"இந்தக் கோடையில்" என்று ஆரம்பித்தான்.

வரட்டும்.
மற்றவை வெள்ளி, அது ஒன்று மட்டும் கறுப்பு,
பார்த்ததுமே தெரிந்துவிடும்.
கேட்டால் கழற்றித் தர முடியாது.
சட்டம் கோணிவிடும்.