சாலா

நாகலாபுரம் தாண்டி ஷேர் ஆட்டோ இறக்கிவிட்டபோது
தண்ணீர் இருக்கிற இடம் மாதிரியே இல்லை.
ஏரிக்குள் கிரிக்கெட் ஸ்டம்புகள்.
சித்திரை வெயில் எட்டரை மணிக்கே
செருப்புக்கு அடியில் புகுந்துவிட்டது.
ஆறு பேர் வந்திருந்தோம்,
ஏசி கம்பெனியில் ஒரே லைன், ஒரே ஷிஃப்ட்,
சத்தியவேட்டு ஹாஸ்டலில்
ஒரே குழாய்க்கு ஆறு வாளி.

வழிகாட்ட வந்தவன் பெஞ்சலய்யா.
சட்டைப்பையில் பீடிக்கட்டு,
காதில் ஒற்றை ப்ளூடூத்.
தலைக்கு நூறு, குரங்கு எதைப் பிடுங்கினாலும் நான் பொறுப்பில்லை
என்று அவன் தெலுங்கில் சொன்னதைக்
கோமளவல்லி தமிழில் சொன்னாள்.
அவளுக்கு அம்மா வழித் தெலுங்கு.
எனக்கு டீக்கடைத் தெலுங்கு,
கணக்கு தீர்க்க மட்டும் போதும்.

ஒரு மணி நேரம் சிவப்புக் கல்தான்.
கல்லும் முள்ளும், ஆட்டுப் புழுக்கையும்,
யாரோ குடித்துப் போட்ட பாட்டிலும்.
பிறகு இரண்டு பக்கமும் பாறை ஏற ஏற
வானம் தாவணி அகலத்துக்கு வந்துவிட்டது.
அங்கேதான் ஈச்சமரங்கள்,
காய்ந்த ஓடையின் மணலில் கூட்டமாக,
லாரித் தண்ணீருக்குக் காத்திருப்பவர்கள்போல
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.
காய் இன்னும் பச்சை.
ஜைத்தூன் கடித்துத் துப்பிவிட்டு
இன்னொன்றும் கடித்துப் பார்த்தாள்.

மடு என்றோம் நாங்கள்.
மடுகு என்றான் அவன்.
முதல் மடுவில் முழங்கால் தண்ணீர்;
மீன்குஞ்சுகள் எங்கள் குதிகால் வெடிப்பை
ஒரு வாரப் பசியோடு கொத்தின.
இரண்டாவதில் இடுப்பளவு.
மோனிஷா எலுமிச்சைச் சாதத்தைத் திறந்தாள்,
குரங்கு மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
ஏன் மூடி என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது, பாறை இடுக்கில்,
வெயில் எட்டாத பச்சை.
அடி தெரியவில்லை.
எங்கள் ஊர்க் கிணற்றில் பையன்கள் குதிப்பார்கள்;
அவர்களின் சட்டைகளைக் கரையில் வைத்துக்கொண்டு
நான் எண்ணியிருக்கிறேன்,
எத்தனை நொடியில் தலை தெரிகிறது என்று.
பதினொன்றுதான் அதிகம்.

லோது எந்தா, என்று கத்தினேன்.
மேலே பாறையில் இருந்தவன் ஏதோ சொன்னான்.
பள்ளத்தாக்கு அதை வாங்கி
வாய்க்குள் உருட்டிக் கொடுத்தது.
சாலு என்று எனக்குக் கேட்டது.
போதும் என்று அர்த்தம்,
டீக்கு இரண்டாவது ஸ்பூன் சர்க்கரை விழும்போது
தினமும் நான் சொல்கிற வார்த்தை.

குதித்தேன்.

அவன் சொன்னது சாலா.
ரொம்ப.

கால் தேடியது, தேடியது,
கல் வரவில்லை, மணல் வரவில்லை.
காதுக்குள் கம்பெனி கம்ப்ரஸர் ஓடியது.
சுடிதார் தலைக்குமேல் குடையாக விரிந்ததைப்
பார்த்துக்கொண்டே போனேன்.
எட்டாம் வகுப்பில் உரிச்சொல் பாடம்.
சால என்றால் மிகுதி.
எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.
நம் வார்த்தைதானே அதுவும்,
கேட்டிருக்க வேண்டாமா?

எப்படி மேலே வந்தேன் என்று தெரியாது.
கை போய் விழுந்த இடத்தில் பாறை இருந்தது,
வலது கட்டைவிரலின் தோலைக் கேட்டது,
கொடுத்தேன்.
மூன்று துப்பட்டாக்களை முடிந்து வீசியிருந்தார்கள்.
கோமளவல்லி அழுதாள், பிறகு திட்டினாள்,
இரண்டு மொழியிலும்.
பெஞ்சலய்யா பீடியைப் பற்றவைக்க
நான்கு குச்சி ஆனது.
பதினான்கு, என்றாள் ஜைத்தூன்.
அவளும் எண்ணியிருக்கிறாள்.

நான் சிரித்தேன்.
மூக்கு வழியாகத் தண்ணீர் வந்தது, சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி.
வருகைப்பதிவு மெஷின் என் விரலை ஏற்கவில்லை.
துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன்,
சிவப்பு விளக்கு.
பின்னால் வரிசை கேட்டுவரை போயிருந்தது.
வேறு விரல் பதிந்துகொள், என்றார் சூப்பர்வைசர்,
முகத்தைப் பார்க்காமல்.

இடது கட்டைவிரலைக் கொடுத்தேன்.
பச்சை எரிந்தது.
கீறல் ஒன்றும் இல்லாத விரல்.
அதுவும் குதித்ததுதான்.