கழிவு போக

ஒன்று புள்ளி நான்கு ஒன்பது.
நரிமன் பாயின்ட்டில், பதினோராம் மாடியில்,
எனக்குச் சோறு போடும் எண்.

போட்ட பணம் ஒன்றரை மடங்காய்த் திரும்பும்வரை
லாப எண்ணெயில் அரசுக்குப் பத்தில் ஒன்று.
தாண்டினால் பத்தில் நான்கு.
தாண்டவிடாதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை.
"மார்ச் நெருங்குது, செலவெல்லாம் வந்துடுச்சா?"
அவ்வளவுதான் கேட்பார் கேர்சி சார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

வரும்.
ஜுஹூவிலிருந்து ஹெலிகாப்டர் வரும்,
சிங்கப்பூரிலிருந்து துரப்பணக் கப்பல் வரும்.
துளைத்தாலும் வாடகை, நின்றாலும் வாடகை.
போன மழைக்காலம் முழுக்க நின்றது.
ரிக்கில் இருப்பவர்களுக்கு மாங்காய் ஊறுகாய்,
நூற்றிருபது ஜாடி.
எல்லாம் முதலில் எண்ணெயிலேயே கழியும்.
மிச்சத்துக்குப் பெயர் லாபம்.
மிச்சத்தில்தான் பங்கு.

மேல்வாரம், குடிவாரம் என்று
நம்மிடம் சொல் இருந்தது.
நெல் களத்தில் குவிந்திருக்கும்,
மரக்கால் எல்லோர் கண்ணிலும் படும்.
கடலுக்கடியில் மரக்கால் யார் கையில்?
என் கையில்தான். எக்செல், நாற்பத்தேழு தாள்கள்.

ஆகஸ்டில் தணிக்கைக்கு வந்தார் சுரேகா தாம்ளே.
டப்பாவில் தாலிபீட், சொந்தப் பேனா,
ஆறு நாள், ஆயிரத்து நானூறு வவுச்சர்.
விருந்தினர் விடுதித் திரைச்சீலைகளைப் பிடித்துவிட்டார்.
நாற்பத்தோராயிரம் ரூபாய்.
"கிணற்றுக்கு எதற்கு ஜன்னல்?"
அறையே சிரித்தது.
கேர்சி சார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார்.
அந்த வரியைச் சிவப்பில் அடித்தார் அம்மையார்.

கப்பல் கோப்பை இரண்டு முறை புரட்டினார்.
நிர்வாகக் குழுவின் ஒப்புதல் இருந்தது.
அதில் அரசின் கையெழுத்தும் இருந்தது.
பேனா மூடியைக் கழற்றினார்,
மாட்டினார்.
என்னைப் பார்த்தார்.
நான் பிரின்டரைப் பார்த்தேன்.

ஞாயிறு மகளை ஜுஹூவுக்குக் கூட்டிப்போனேன்.
மழைக்கால அலை கொண்டுவந்து போட்ட
தார் உருண்டைகள் மணலெங்கும்,
நாவற்பழம் போல.
ஒன்றை மிதித்துவிட்டாள்.
செம்பூர் வீட்டு முற்றத்துக் குழாயடியில்
தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தேன்.
காற்றில் சுத்திகரிப்பாலையின் வாடை.

எங்கேருந்துப்பா வருது இது?

கப்பலிலிருந்து இருக்கலாம்,
கிணற்றிலிருந்து இருக்கலாம்,
யாருடையது என்று எழுதியிருக்காது என்றேன்.

அப்ப நம்மளுதா, என்றாள்.

இடது குதிகாலில் இன்னும் கொஞ்சம் இருந்தது.